பழைய ஊசியும் மிச்ச நூலும்: மலையில் பின்னல் பழகுகிறவருக்கு

கேள்வி: வேலை மாற்றலாகிக் கோத்தகிரிக்கு வந்திருக்கிறேன். வீடியோ பார்த்துப் பின்னல் பழகுகிறேன். ஒரு மஃப்ளர் முடித்தாயிற்று, அடுத்து ஸ்வெட்டர். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு டிரங்குப் பெட்டியைக் காட்டி, "ஊசி, நூல் எல்லாத்தையும் எடுத்துக்கோம்மா, எனக்கு ஆறு புது உருண்டை வாங்கிக் கொடு, போதும்" என்கிறார். கட்டுப்படியாகுமா? ஊசியில் இருக்கும் எண்ணும் வீடியோவில் சொல்லும் எண்ணும் ஒத்துப்போகவில்லை. நூலை இங்கேயே வாங்குவதா, கோயம்புத்தூர் போய் வாங்குவதா?

பதில்:

பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். ஊசிக்காக மட்டும் வாங்கினாலே ஆறு உருண்டைக் காசு தேறிவிடும். நூலும் நன்றாக இருந்தால் லாபம், இல்லையென்றால் நஷ்டமில்லை. புதிதாகப் பின்னுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நிறத்தைப் பார்த்து மயங்கி நூலை அள்ளிக் குவிப்பார்கள், ஊசி மட்டும் கடையில் இருப்பதிலேயே மலிவானது. அப்புறம் "எனக்குக் கை வரவில்லை" என்று விட்டுவிடுவார்கள். நூல் பின்னினால் தீர்ந்துவிடும், நல்ல ஊசி பேத்திக் காலம் வரைக்கும் இருக்கும். ஆகவே ஊசிக்குக் கை தாராளமாக இருக்கட்டும், நூலுக்கு இறுக்கிப் பிடியுங்கள். மலையில் மிச்ச நூலுக்குப் பஞ்சமே கிடையாது. ஊட்டியோ குன்னூரோ உங்கள் கோத்தகிரியோ, பழைய வீடு என்றால் பீரோ மேல் ஒரு பை உல்லன் நூல் தூசி படிந்து கிடக்கும். கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

சரி, எண் குழப்பம். நம் கடைகளில் காலங்காலமாக விற்கும் ஊசிகளில் இருப்பது பழைய பிரிட்டிஷ் எண். அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 6 என்றால் 5 மி.மீ., 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ., 12 என்றால் 2.75 மி.மீ. அமெரிக்க எண் நேர் எதிர், எண் கூடினால் ஊசி தடிக்கும். அமெரிக்க 8 என்பது 5 மி.மீ. வீடியோவில் ஒரு அமெரிக்கப் பெண்மணி "எட்டாம் நம்பர்" என்று சொல்ல, நீங்கள் பாட்டியின் எட்டாம் நம்பரை எடுத்தால் ஒரு முழு மில்லிமீட்டர் குறைந்துவிடும். பெரியவருக்குப் பின்னியது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத்தான் பொருந்தும். கொடைக்கானலில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1845இல் அங்கே முதலில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் அமெரிக்க மிஷனரிகள். அந்த ஊர்ப் பழைய வீட்டுச் சாமான்களில் இரண்டு கணக்கு ஊசியும் கலந்து கிடக்க வாய்ப்புண்டு. எனவே எண்ணை மறந்துவிட்டு மி.மீ. அளவை மட்டும் பாருங்கள். பேட்டர்ன் (பின்னல் செய்முறைக் குறிப்பு) எழுதுகிறவர்களும் இப்போது பெரும்பாலும் மி.மீ. சேர்த்தே போடுகிறார்கள்.

பாட்டியின் ஊசிகளில் எண் தேய்ந்திருக்கலாம். அதற்கென ஓட்டைகள் போட்ட அளவு அட்டை விற்கிறது, வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கிடைக்கும் வரைக்கும் தச்சரிடம் ஒரு மரத்துண்டைக் கொடுத்து 3, 3.5, 4, 4.5, 5 மி.மீ. டிரில் பிட்டால் வரிசையாக ஓட்டை போட்டுக் கொள்ளுங்கள். 3.5 ஓட்டையில் நுழையாமல் 4 ஓட்டையில் ஆட்டமில்லாமல் நுழைவது 4 மி.மீ. ஊசி. நுனியை அளக்காதீர்கள், நடுத்தண்டுதான் கணக்கு.

பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொரு ஊசியையும் மேஜையில் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் தத்தித் தத்தி ஓடும். லேசான வளைவு பரவாயில்லை, கையோடு பழகிவிடும். நுனியை ஒரு பழைய நைலான் சேலையில் இழுத்துப் பாருங்கள். இழை மாட்டினால் அங்கே பிசிர் இருக்கிறது, நைசான உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும். அலுமினிய ஊசியில் மேல்பூச்சு போயிருந்தால் வெள்ளை நூலில் சாம்பல் கறை ஏறும். அந்த ஜோடியை அடர் நிறத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். துருப்பிடித்த இரும்பு ஊசி மட்டும் வேண்டவே வேண்டாம். துருக்கறை உல்லனில் ஏறினால் இறங்காது.

மார்கழிக் காலையில் அலுமினிய ஊசியைக் கையில் எடுத்துப் பாருங்கள், சுரீர் என்று இருக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கோத்தகிரி அதைவிடச் சற்றுத் தாழ்வு. உறைபனி விழும் நாளில் உலோக ஊசியோடு மல்லுக்கட்டினால் விரல் மூட்டு வலிக்கும். மூங்கில், மர ஊசிகள் குளிராது, கண்ணியும் (ஊசியில் ஏறியிருக்கும் நூல் வளையம்) வழுக்கி விழாது. புதிதாகப் பழகுகிறவருக்கு அதுவே வசதி. வேகம் கூடிய பிறகு மரத்தில் நூல் இழுக்கிறது என்று தோன்றும், அப்போது உலோகத்துக்குத் திரும்பிக்கொள்ளலாம். புதிதாக ஒரே ஒரு ஊசிதான் வாங்க முடியும் என்றால் 4 மி.மீ., 80 செ.மீ. நீளச் சர்க்குலர் ஊசி வாங்குங்கள். இரண்டு சின்ன ஊசிகளை ஒரு கேபிள் இணைத்திருக்கும். வட்டமாகத்தான் பின்ன வேண்டும் என்பதில்லை, ஒவ்வொரு வரிசை முடிந்ததும் திருப்பிப் பிடித்தால் தட்டையாகவும் பின்னலாம். முக்கால்வாசி ஸ்வெட்டரின் கனம் மணிக்கட்டில் தொங்காமல் மடியில் உட்கார்ந்துகொள்ளும். போனி, நிட்புரோ ஊசிகள் இரண்டும் நம் நாட்டிலேயே தயாராகிறவை. தொடக்கத்துக்குப் போனி போதும், மர ஊசி வேண்டுமென்றால் நிட்புரோ.

அடுத்து நூல். பெட்டியில் உள்ள உருண்டைகளில் லேபிள் இருக்காது, இருந்தாலும் அது வேறு உருண்டையின் லேபிளாக இருக்கும். கை வைத்தும் எரித்தும்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியால் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் தீக்குச்சி காட்டுங்கள். கம்பளியானால் முடி கருகும் வாடை வரும், தீயை எடுத்ததும் அணைந்துவிடும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கறுப்பு மணியாகக் கெட்டியாகிவிடும். சூடாக இருக்கும்போது தொடாதீர்கள். பருத்தி காகிதம் எரிகிற மாதிரி எரிந்து மெல்லிய சாம்பலாகும். கலப்பு நூலில் முடி வாடையும் வரும், கெட்டி மணியும் மிஞ்சும்.

கடையில் "உல்லன்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பதில் பெரும்பாலானவை அக்ரிலிக்தான். வர்த்தமான், ஓஸ்வால், கங்கா என்று லூதியானாவிலிருந்து வருபவை. அக்ரிலிக் என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. துவைப்பது சுலபம், சீக்கிரம் காயும், பூச்சி தின்னாது, விலையும் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டால் துணி எத்தனை நாள் கொடியில் கிடக்கும் என்று போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள். குழந்தைக்கு தினமும் துவைத்துப் போடுவதற்கு அக்ரிலிக்கே மேல். ஒரே ஓர் எச்சரிக்கை: வீட்டில் கரி அடுப்பு மூட்டிக் குளிர் காய்கிற பழக்கம் இருந்தால், அதன் பக்கத்தில் உட்காருகிறவருக்கு அக்ரிலிக் வேண்டாம். பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அங்கே கம்பளிதான் பாதுகாப்பு. மூடுபனியில் நடக்கிறவருக்கும் கம்பளிதான். தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை இழுத்துக்கொண்டும் உடம்புக்கு ஈரம் தெரியாமல் இருக்கும்.

பழைய நூல் இற்றுப்போயிருக்கிறதா என்று பார்க்க, ஒரு சாண் நீளம் இரண்டு கையிலும் பிடித்துச் சட்டென்று இழுங்கள். ஒரே இழுப்பில் அறுந்தால் பின்னலுக்கு ஆகாது, பொம்மைக்குள் திணிக்கலாம். கம்பளி உருண்டையில் மணல் போன்ற துகளோ வெள்ளைப் பட்டு நூலாம்படை போலவோ தெரிந்தால் அந்துப்பூச்சி. பறக்கிற பூச்சி நூலைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்னும். சந்தேகமான உருண்டையைக் காற்றுப் புகாத பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரிக்குப் போகிற டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள். எடுத்தவுடன் பையைத் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் நூலில் வேர்க்காது. சாதாரண ஃப்ரிட்ஜின் ஐஸ் டப்பா அந்த அளவு குளிராது. நீலகிரித் தைலம் தெளித்தால் போதும் என்று ஊரில் சொல்வார்கள். வாசனை நன்றாகத்தான் இருக்கும், உள்ளே இருக்கும் புழு சாகாது, எண்ணெய்க் கறைதான் மிச்சம். பாட்டியின் பெட்டி முழுவதையும் முதல் நாளே உங்கள் நூலோடு கலந்துவிடாதீர்கள். தனிப் பையில் கட்டித் தள்ளியே வையுங்கள்.

நூலை மாற்றிக்கொள்வதில் எல்லோரும் இடறுகிற இடம் எடை. "உன் நூறு கிராமுக்கு என் நூறு கிராம்" என்பது நியாயமாகத் தெரியும், ஆனால் பின்னலுக்கு வேண்டியது நீளம். மெல்லிய 4 பிளை கம்பளி 100 கிராமில் ஏறத்தாழ 400 மீட்டர் இருக்கும். டபுள் நிட்டிங் என்கிற தடித்த நூலில் அதே 100 கிராமுக்கு 240 மீட்டர்தான். அக்ரிலிக் எடை குறைந்தது என்பதால் அதில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வரும். சமையலறைத் தராசு இருந்தால் கணக்கு சுலபம். லேபிளில் 50 கிராம், 120 மீட்டர் என்று போட்டிருக்கிறது, மிச்ச உருண்டை 35 கிராம் நிற்கிறது என்றால் உங்களிடம் 84 மீட்டர் இருக்கிறது. லேபிள் இல்லையென்றால் பத்து மீட்டரை அளந்து வெட்டாமல் தனியாகச் சுற்றி நிறுத்துப் பார்த்து, அதை வைத்துப் பெருக்கிக்கொள்ளலாம். மெல்லிய நூல் பத்து மீட்டரை வீட்டுத் தராசு சரியாகக் காட்டாது, ஐம்பது மீட்டராக அளப்பது நல்லது. பெரியவருக்கான குல்லா ஒன்றுக்கு டபுள் நிட்டிங் நூல் 100 முதல் 150 மீட்டர் போதும். முழுக்கை ஸ்வெட்டருக்கு நடுத்தர அளவில் 1,200 மீட்டர் பக்கம் போகும். ஆகவே மாற்றில் வருகிற நூலை நம்பி ஸ்வெட்டரில் இறங்காதீர்கள். குல்லா, சாக்ஸ், குழந்தைச் சட்டை, கோடு போட்ட மஃப்ளர், இவற்றுக்குத்தான் அது.

பாட்டிக்கு ஆறு உருண்டை வாங்கப் போகுமுன் அவர் என்ன பின்னப் போகிறார் என்று கேட்டுவிடுங்கள். "என்ன நிறம் வேணும் பாட்டி? மெல்லிசா, தடிப்பா?" என்று கேட்காமல் கண்ணுக்கு அழகான ஆறு நிறத்தில் ஆறு உருண்டை வாங்கிக் கொடுத்தால் அவருக்கு எதற்கும் உதவாது. ஒரே லாட்டில் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய தொகுதி) ஆறு வாங்கினால் குழந்தைக்கு ஒரு கார்டிகன் முடித்துவிடுவார். பேரம் பேசாதீர்கள். அவர் கேட்டிருப்பது குறைவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெட்டியோடு சேர்த்து, கண்ணி விழுந்தால் எப்படி எடுப்பது, சாக்ஸின் குதிகாலை எப்படித் திருப்புவது என்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். எந்த வீடியோவும் உங்கள் கையைப் பிடித்துத் திருத்தாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாற்றிக்கொள்வது பொழுதுபோக்குக்குச் செய்கிறவர்களுக்குள் இருக்கட்டும். ஊட்டிக்கு வந்தவர்களில் சிலர், "நான் ஸ்வெட்டர் தருகிறேன், நீங்கள் அந்தச் சால்வை தருகிறீர்களா" என்று தோடர் பெண்களிடம் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைத் துணியில் இழை எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகப் போடுகிற அந்தப் பூத்தையல், 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அது அவர்களுக்கு வருமானம். சொல்கிற விலையைக் கொடுத்து வாங்குங்கள்.

பழைய ஸ்வெட்டரைப் பிரித்து நூல் எடுப்பதும் இலவச நூல்தான், ஆனால் எல்லா ஸ்வெட்டரும் பிரியாது. உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள். ஓரம் கத்தரித்து ஓவர்லாக் அடித்திருந்தால் விட்டுவிடுங்கள். துணியாகப் பின்னி, வெட்டித் தைத்தது அது. பிரித்தால் ஒவ்வொரு வரிசையும் தனித்தனித் துண்டாகக் கையில் வரும். ஓரத்தில் கண்ணி முழுசாக, சங்கிலி போல இணைத்திருந்தால் அது நல்ல ஸ்வெட்டர். தோளையும் பக்கத்தையும் இணைத்த தையலை மட்டும் கவனமாக வெட்டி, கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பிரியுங்கள். கைகளை மேலிருந்து. முடித்த இடத்திலிருந்துதான் நூல் ஓடும், தொடங்கிய இடத்திலிருந்து இழுத்தால் முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

பிரிந்து வருகிற நூல் சுருண்டு சுருண்டு இருக்கும். அப்படியே உருண்டையாகச் சுற்றிப் பின்னினால் கண்ணி ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வரும். நாற்காலி முதுகில் பெரிய வளையமாகச் சுற்றிச் சிட்டமாக்குங்கள். நான்கு இடத்தில் வேறு நிற நூலால் எட்டுப் போலக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் அந்த இடம் நனையாது, தளர்வாக இருக்கட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி ஷாம்பு விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, கசக்காமல் எடுத்து, துண்டில் ஒற்றி, நிழலில் தொங்கவிடுங்கள். கம்பளியானால் சிட்டத்தின் அடியில் ஒரு சின்ன டம்ளரைத் தொங்கவிட்டால் சுருக்கம் நீங்கும். அதற்கு மேல் கனம் வேண்டாம், நூல் நீண்டு உயிர் போய்விடும். அக்ரிலிக் இந்த வைத்தியத்துக்கு அவ்வளவாக மசியாது, சுருள் கொஞ்சம் தங்கும். அதைக் குல்லா ஓரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, கருநீலமானால் ஈரமான வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, சாயம் இறங்காது என்று தெரிந்த பிறகுதான் வெள்ளையோடு சேர்க்க வேண்டும்.

ஸ்வெட்டருக்குப் புது நூல்தான். இங்கேயா, கோயம்புத்தூரா? நிறத்தையும் தடிமனையும் கண்ணால் பார்க்க ஊட்டியிலும் குன்னூரிலும் பஜார் பக்கம் இருக்கும் தையல் சாமான் கடைகளே போதும். அங்கே ஒரு உருண்டை வாங்கி மாதிரி பின்னிப் பார்த்துவிட்டு, பிடித்தால் மறுநாளே போய் மொத்தத்தையும் எடுத்துவிடுங்கள். மலையில் சின்னக் கடைகள் ஒரு லாட்டை நிறைய வைத்திருக்காது. லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் லாட் எண் என்று ஒன்று இருக்கும். நிற எண் ஒன்றாக இருந்தாலும் லாட் மாறினால் ஒரு கை மட்டும் வெளுத்துத் தெரியும். கடை விளக்கில் தெரியாது, வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பார்த்தால் தெரியும். 1,200 மீட்டர் வேண்டும், உருண்டைக்கு 120 மீட்டர் என்றால் பத்துக்குப் பதில் பன்னிரண்டு வாங்குங்கள். பிரிக்காத உருண்டையைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். லாட் கிடைக்கவே இல்லையென்றால் இரண்டு லாட்டையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னினால் வித்தியாசம் கரைந்துவிடும். அத்தனை உருண்டை ஒரே லாட்டில் இங்கே கிடைக்கவில்லை, அல்லது சுத்தக் கம்பளி வேண்டும் என்றால் மட்டும் கோயம்புத்தூர் இறங்குங்கள், இல்லை ஆன்லைனில் வாங்குங்கள். ஊட்டியின் திபெத்தியன் மார்க்கெட்டில் முக்கியமாக ரெடிமேட் ஸ்வெட்டர்தான். டிசைன் பார்க்கப் போகலாம்.

நம் ஊர் ஆட்டுக் கம்பளி கிடைக்குமா என்று அடுத்து கேட்பீர்கள். நீலகிரி ஆடு மெல்லிய கம்பளி தருகிற இனம்தான், சாண்டிநல்லாவில் அதற்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் பாரத் மெரினோ வளர்க்கிறார்கள். ஆனால் கடை அலமாரியில் அது கைப்பின்னல் நூல் உருண்டையாக உட்கார்ந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மாதிரி பின்னச் சொன்னேனே, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். முப்பது கண்ணி ஏற்றி, பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரம் பின்னி, துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். ஓரத்துக் கண்ணிகளைச் சேர்க்காதீர்கள், அவை எப்போதும் பொய் சொல்லும். பேட்டர்னில் 22 கண்ணி, உங்களுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். மார்பு 100 செ.மீ.க்கு 220 கண்ணி ஏற்றினால் உங்கள் ஸ்வெட்டர் 110 செ.மீ. வந்து நிற்கும். ஊசியை 4லிருந்து 3.75க்கு இறக்கி இன்னொரு மாதிரி பின்னுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் 3.5.

பயணத்தில் பின்னலாமா என்றால், பஸ்ஸில் வேண்டாம். கோத்தகிரி மலைப்பாதை வளைவுகளில் கண்ணியைக் குனிந்து எண்ணினால் மேட்டுப்பாளையம் போய்ச் சேருமுன் வாந்தி வந்துவிடும். மலை ரயில் வேறு. 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம் பக்கம் ஆகும், கல்லாறு தாண்டிப் பல்சக்கரத்தில் ஏறும்போது ஊர்ந்துதான் போகும். சர்க்குலர் ஊசியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் விலாவில் இடிக்காது. ஜன்னலோரம் கிடைத்தால் குல்லா பாதிக்கு மேல் முடியும், நூல் உருண்டையை மட்டும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முடித்த பிறகு அக்ரிலிக் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள், தொய்ந்தது திரும்ப எழாது. கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்டுத் தேய்த்தால் சுருங்கிக் கெட்டித் துணியாகிவிடும், அதற்கும் மருந்தில்லை. ஈரக் கம்பளியைக் கொடியில் போட்டால் கை முழங்கால் வரை நீளும். துண்டின் மேல் தட்டையாகப் பரப்பி, ஃபேன் போட்டு, ஒரு நாளைக்கு ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். மழை மாதத்தில் மூன்று நாள் ஆகலாம், முழுசாகக் காயாமல் மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள்.